தாடிக்காரருக்குக் கத்தி எதற்கு?

ஜூன் 12, வியாழன்

டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளை பிறக்கிற வரைக்கும் படுக்கைதான். குளியலறைக்கு மட்டும் எழுந்திருக்கலாம். படி ஏறக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, அழக் கூடாது, அதிர்ச்சி கூடாது. இதற்கு முன்னால் இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அதைப் பற்றி இதில் எழுத மாட்டேன்.

டைரி என் வீட்டுக்காரர் கொடுத்தது. அவர் வேலை பார்க்கிற பம்ப்செட் கம்பெனி போட்டது. முன்பக்கமெல்லாம் எத்தனை அடி ஆழத்துக்கு எந்த மோட்டார் என்ற அட்டவணை. பொழுது போகாவிட்டால் அதையும் படி என்கிறார். நல்ல மனுஷன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் பில் சரிபார்க்கிறவள். பையில் இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒத்துப் போகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. சிரித்துக்கொண்டே வருகிறவர்கள் பையைத்தான் முதலில் திறப்பேன். இப்போது பார்ப்பதற்கு மின்விசிறி ஒன்றுதான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா வந்துவிட்டுப் போனார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். காலமெல்லாம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த உடம்பு. வீட்டிலும் கண்டக்டர்தான். சாப்பிட உட்கார்ந்தால் ‘ரைட்’, பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி. சோறு போதுமென்றால் ‘ஓல்டான்’, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மேளக்காரர்களைப் பார்த்து ‘ரைட்’ என்று கத்தியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் முகத்தைப் பார்ப்பதே ஒரு சுகம். தினமும் சலூனில் கத்திச் சவரம். வேறு எந்த ரேஸர் பட்டாலும் கொப்புளம் கிளம்பிவிடும். கிருதா இரண்டும் காது மடலுக்கு நேராக ஒரே மட்டத்தில் நிற்கும்.

அதனாலேயே மாப்பிள்ளையின் தாடியைக் கண்டால் அவருக்கு ஆகாது. “என்னய்யா மாப்ள, குற்றாலத்துக்குச் சாமியாராப் போயிருதீரா?” என்றார். இவர் எழுந்து போனார். இரண்டு பேருக்கும் எப்போதும் இப்படித்தான்.

தாடி இவர் விருப்பமில்லை, இவர் அம்மா, என் அத்தை போட்ட சட்டம். பெண்டாட்டி உண்டாகியிருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது. பட்டால் ஒன்று பிள்ளை பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொள்ளி வைக்க வேண்டிய சாவு விழுந்திருக்க வேண்டும். அத்தை இதைச் சொல்லும்போது ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்வாள்.

ஜூன் 23, திங்கள்

நாலைந்து நாளாக அப்பா ஃபோனை எடுக்கவில்லை. இன்று அம்மா எடுத்தாள். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதாம். கொடு என்றேன். வெகுநேரம் கழித்துக் கொடுத்தாள்.

“எப்பா, மாத்திரை போட்டியளா?”

“ரைட்.”

“இங்க எப்பம் வாரீய?”

“ரைட்.”

“எம்மேல என்ன கோவம்?”

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு “ரைட்” என்றார். அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நீயாவது வாயேன் என்றேன். வீட்டில் வெள்ளையடிக்கிறார்களாம், போட்டது போட்டபடி கிடக்கிறதாம். பொங்கலுக்குத்தானே அடித்தார்கள்? வருடத்துக்கு இரண்டு முறை வெள்ளையடிக்க அது என்ன கோயில் மதிலா?

ஜூலை 2, புதன்

அவர் காலையில் வெகு சீக்கிரம் கிளம்பிப் போகிறார். அம்பாசமுத்திரம் பக்கம் மோட்டார்கள் வரிசையாகப் பழுதாகிறதாம். சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிரீஸ் வாசனை வரவில்லை. சவரச் சோப்பு வாசனை வந்தது.

தாடி அப்படியேதான் இருக்கிறது.

கட்டைவிரலில் பிளாஸ்திரி. கேட்டதற்குத் தகரம் கிழித்துவிட்டது என்றார். தகரம் கிழித்தால் இத்தனை நேராகவா கிழியும்?

ஜூலை 4, வெள்ளி

மாடியில் ‘டப்’ என்று சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டப்’. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்து, “பக்கத்து வீட்டுப் பிள்ளைய, வேற ஒண்ணுமில்ல” என்றாள். நான் எதுவும் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைகளும் இல்லை. ஓய்வுபெற்ற தாசில்தாரும் அவர் நாயும்தான் இருக்கிறார்கள்.

பிற்பகல் அத்தை பெருக்கும்போது முறத்தில் பார்த்தேன். கிழிந்த பலூன் துண்டுகள், ரோஸ் கலர். ஒன்றில் வெள்ளையாக நுரை காய்ந்திருந்தது.

தாடிக்காரர், சோப்பு வாசனை, பலூன். எந்தக் கடையிலும் இந்த மூன்றையும் ஒரே பில்லில் போட மாட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலைத் துடைத்தார். இடது கால் முட்டிக்குக் கீழே ஒரு முடி இல்லை. பளபளவென்று இருக்கிறது. வலது கால் வழக்கம் போலக் காடு.

“காலுக்கு என்ன செஞ்சிய?”

குனிந்து தன் காலையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். “கிரீஸ் ஒட்டிக்கிச்சு. வரல. அதான் வழிச்சிட்டேன்.”

என் காதில் பூ வைக்கப் பார்க்கிறார். பூ வாங்கி வந்து தலையில் வைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஜூலை 14, திங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதுகிறேன்.

என் ஜன்னலுக்கு வெளியே நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். நான் தூங்குவதாக நினைப்பு. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணாச்சி, கன்னத்துல கை வைக்க விட்டாக… ஆமா. நீங்க சொன்ன மாதிரி வெந்நித் துணிய வச்சு எதமாத்தான் ஆரம்பிச்சேன்… கழுத்துக்கு வந்தா மட்டும் கையத் தட்டி விடுதாக… இல்ல, நான் அவசரப்படல. அவுகளா விடுற அன்னைக்கு விடட்டும்.”

அவுக! யார் அந்த அவுக? எங்கள் ஊர்ப் பேச்சில் இது ஒரு வசதி. அவுக என்றால் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். மரியாதைப்பட்டவர் என்பது மட்டும்தான் தெரியும். கன்னத்தைத் தொட விடுகிற மரியாதை.

நான் இங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு இவர் பிள்ளையைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணீர் காதுக்குள் போய்விட்டது. அழக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

அவர் குளிக்கப் போயிருந்தார். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவருடைய கருவிப் பை கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தது. எழுந்திருக்கவில்லை, கையை மட்டும்தான் நீட்டினேன். ஸ்பேனர், கம்பி, மஞ்சள் துணியில் ஒரு பொட்டலம். பிரித்தேன். நுரை போடுகிற பிரஷ். படிகாரக் கட்டி. ஒரு சவரக்கத்தி. பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகி, மடக்கி வைக்கிற கத்தி. சலூனில் இருக்குமே, அது.

பொம்பளை என்ற சந்தேகம் அந்த நிமிடமே போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது.

தாடிக்காரருக்குக் கத்தி எதற்கு? அத்தையின் சட்டம் எனக்கு மனப்பாடம். பிள்ளை பிறக்க இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அப்படியானால் இவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. போன தடவை ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா இவரை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினாரே. இந்தப் பிள்ளையும் தங்காது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் தாடியை எடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார்.

பயமாக இருக்கிறது. வயிற்றில் கை வைத்துக்கொண்டே இருக்கிறேன். அசைவு இருக்கிறது. இருக்கிறது.

ஜூலை 23, புதன்

கேட்டுவிட்டேன். கத்தியை எடுத்துப் போர்வை மேல் வைத்தேன். “இது யாருக்கு?”

மென்று முழுங்கினார். “எனக்குத்தான்.”

“பிள்ளைக்கு என்ன? டாக்டரம்மா ஒங்ககிட்ட என்ன சொன்னாவ? மறைக்காமச் சொல்லுங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, பைத்தியமா? பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. எங்கம்ம மேல சத்தியம், ஒண்ணுமில்ல. ஒனக்கு மனக்கஷ்டம் வராமப் பாத்துக்கன்னுதான் சொன்னாவ.” அந்த வார்த்தையில் பொய் இல்லை. பொய்யும் மெய்யும் இவர் குரலில் வேறு வேறு ஓசை. மெய் சொல்லும்போது மூக்கு அடைக்கும்.

“அப்பம் கத்தி?”

“பிள்ளை பொறந்ததும் என் கையாலயே எடுக்கணும்னு சொரிமுத்தையனுக்கு நேந்திருக்கேன். அதுக்குப் பழகுதேன்.” மூக்கு அடைக்கவில்லை. வாசலில் நின்ற அத்தை வேண்டிய அளவுக்கு மேலேயே தலையாட்டினாள்.

“எங்க, பழகிக் காட்டுங்க.”

பலூன் ஊதினார். பிரஷால் நுரை போட்டார். இடது கையால் மேலே தோலை இழுத்துப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு கத்தியைச் சாய்த்து வைத்தார். நிமிர்த்தினால் வெட்டும், படுக்க வைத்தால் வழுக்கும், நடுவில் ஒரு சாய்வு இருக்கிறதாம். அழுத்தவே கூடாது, கத்தியின் கனமே போதுமாம். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே போக வேண்டுமாம். சின்னச் சின்னதாக வழித்தார். நாக்கு ஓரமாக வெளியே வந்திருந்தது. நுரைக்குக் கீழே ரோஸ் கலர் பட்டை பட்டையாகத் தெரிந்தது. பாதிப் பலூன் சுத்தமானபோது நான் ‘ச்சூ’ என்று ஒரு சத்தம் கொடுத்தேன். டப்! நுரை முழுக்க அவர் தாடியில்.

நான் சிரித்த சிரிப்பில் அத்தை வந்து திட்டினாள். வயிற்றுக்குள்ளிருந்தும் ஒரு உதை. அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 26, சனி

ஒன்று ஒத்துப் போகவில்லை.

தன் முகத்தில் வழிக்கப் பழகுகிறவன் கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தன் பக்கமாக மடக்கி அல்லவா பழக வேண்டும்? இவர் பலூனை எதிரே வைத்துக்கொண்டு, குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து நின்று வழித்தார். நாற்காலியில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பது போல.

கன்னத்துல கை வைக்க விட்டாக. கழுத்துக்கு வந்தா தட்டி விடுதாக.

அவுக என்பது ஆம்பளை. சலூனுக்குப் போக முடியாத ஆம்பளை.

இன்று கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பாவைப் பார்த்து நாளாகிவிட்டது, ஒரு படமாவது எடுத்து அனுப்பு என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்று வந்தது.

வெள்ளைச் சட்டை போட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் மட்டும் தெரிகிறது. கேமராவைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பார்க்கிற மனுஷன். முகம் மழமழவென்றுதான் இருக்கிறது. கழுத்தில் மட்டும் வெள்ளை முடி அடர்ந்து நிற்கிறது. கிருதா காது மடலுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. அப்பாவின் சலூன்காரர் கண்ணைக் கட்டிவிட்டாலும் அப்படி வெட்ட மாட்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் வெள்ளையடித்த அடையாளமே இல்லை.

ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கேட்க மாட்டேன். கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா வந்தாள். இளைத்திருக்கிறாள். வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். சேலையில் தைல வாசனை.

“வெள்ளையடிச்சி முடிச்சாச்சா?” என்றேன்.

“எதுக்கு?” என்றாள். பிறகு, “ஆ… ஆச்சி, ஆச்சி” என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டேன். அம்மா பாவம், பொய்யைக் கூட ஞாபகம் வைத்துக்கொள்ள நேரமில்லை அவளுக்கு. “அப்பா நல்லாச் சாப்பிடுதாகளா?” என்று மட்டும் கேட்டேன். “இப்பம் சாப்பிடுதாக” என்றாள். அடுப்படிக்குப் போய் அத்தையோடு என்னவோ குசுகுசுவென்று பேசினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயமாம். அத்தை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் கிடையாது.

காலையில் அவர் கிளம்பும்போது சொன்னேன், “கை நடுங்காமப் பாத்துச் செய்யுங்க.”

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “எத?”

“மோட்டார் வேலையத்தான்.”

ஆகஸ்ட் 20, புதன்

வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆவணியில், வருகிற 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. கட்டிலில் படுத்தபடியேதான். நாலு பேர் வந்து வளையல் போட்டுவிட்டுப் போவார்கள்.

“எங்கப்பா வரணும். வராம ஒரு வளையலும் கையில ஏறாது” என்றேன். அத்தை அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“வருவாக” என்றார். மூக்கு அடைத்திருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எல்லாரும் போய்விட்டார்கள். கை நிறைய வளையல், எழுத எழுதச் சத்தம் போடுகிறது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் பைக் சத்தம் கேட்டது. விடியும் முன்பே போனவர் திரும்பி வந்து என் அறை வாசலில் நின்றார். தலை ஈரம். தோளில் துண்டு. தாடி இல்லை. மீசையும் இல்லை.

எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவுக்கு நான் ஒற்றைப் பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவர் இவர் ஒருவர்தான்.

கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். குரல் எங்கிருந்தோ வந்தது. “எனக்கு எல்லாம் தெரியும். எப்பம்?”

அவர் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். “தெரியுமா ஒனக்கு? எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. காலையில, ஆறு மணிக்கு.”

“கஷ்டப்பட்டாகளா?”

“இல்லட்டி. நிம்மதியா, அப்படியே கண்ண மூடிட்டாக.”

“ஏதும் சொன்னாகளா?”

“ரைட்டுன்னாக. அம்புட்டுத்தான்.”

“அம்மா?”

“பக்கத்துலயே நின்னாக. அழுதுட்டாக.”

எனக்கு அழுகை வரவில்லை. பிள்ளைக்காக மூச்சை மெல்ல மெல்ல விட்டேன். “இப்பம் எங்க வச்சிருக்கு?”

“கத்தியா? பையிலதான் இருக்கு.”

“அப்பாவ!”

அவர் என்னையே பார்த்தார். தன் கன்னத்தைத் தடவினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. “ஐயோ ஆவுடை! ஏட்டி! மாமா கார்ல வாராக! பின்னாலயே வாராக!”

வாசலில் ஹாரன் அடித்தது.

அம்மா ஒரு பக்கம், கார் டிரைவர் ஒரு பக்கம். நடுவில் அப்பா, ஒரு காலை இழுத்து இழுத்து. வலது கை சும்மா தொங்கியது. வாய் வலது பக்கம் தொங்கிக் கோணியிருந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கழுத்து வரைக்கும் சுத்தமான சவரம். நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். காலைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா இடது கையை உயர்த்தினார்.

“ஓல்டான்!”

பஸ் முழுக்கக் கேட்கிற அதே குரல். நான் நின்றேன். காலை மேலே எடுத்துப் படுத்துக்கொண்டேன். பிறகுதான் அழுதேன். டாக்டரம்மா என்ன சொல்வாரோ சொல்லட்டும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஜூனிலேயே பக்கவாதம் வந்திருக்கிறது. பேச்சு போய்விட்டது. ரைட், ஓல்டான் இரண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தாடி வளர்ந்த முகத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். சாப்பாடு வேண்டாம், பயிற்சி வேண்டாம். சலூன்காரரைக் கூப்பிட்டால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். என்னோடு கடையில் வேலை பார்க்கிற பெண்ணுக்கும் அந்த ஊர்தான். அதனால் இவர் ஜங்ஷன் பக்கம் சலூன் வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சியிடம் போய்க் கற்றுக்கொண்டாராம். பலூன், அப்புறம் சொந்தக் கால், அப்புறம் மாமனார்.

“மொத நாளு கன்னத்த வழிச்சி முடிச்சதும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பாத்தாக. அன்னைக்குத்தான் இட்லி சாப்பிட்டாக” என்றாள் அம்மா.

கழுத்துக்கு மட்டும் விடவே இல்லை. கத்தியைக் கொண்டு போனால் கையைத் தட்டிவிட்டு இவர் தாடியைச் சுட்டிக் காட்டுவாராம். ஏதோ கேலி செய்கிறார் என்று இவர் விட்டுவிட்டார். இன்று காலையில்தான் விளங்கியிருக்கிறது: உன் கழுத்தில் முதலில் வைத்துக் காட்டு, பிறகு என் கழுத்துக்கு வா. கழுத்து முடியோடு மகள் வளைகாப்புக்குக் கிளம்ப மாட்டேன் என்று அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டாராம். இவர் அவர் கண்ணுக்கு முன்னாலேயே உட்கார்ந்து தாடியை எடுத்திருக்கிறார். கையை மடக்கிப் பழக்கமில்லாததால் மீசை ஒரு பக்கம் ஏறிப்போய், அதையும் எடுக்க வேண்டி வந்திருக்கிறது. தாடையில் இரண்டு இடத்தில் கீறல். அதைப் பார்த்துத் திருப்தியான பிறகு அப்பா கழுத்தை நீட்டி, “ரைட்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாராம்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “பிள்ளத்தாச்சி புருஷன்! ஒரு சாவும் இல்லாம மழிச்சிட்டு வந்து நிக்கான்!” என்று அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

நான் எல்லாரையும் பார்த்துக் கேட்டேன். “என்னைச் சந்தேகக்காரின்னு சொல்லுவிய. இம்புட்டு நாளா என்னை நம்பாம இருந்தது யாரு? எங்கப்பாவுக்கு முடியலன்னு தெரிஞ்சா நான் பிள்ளையக் கீழ போட்டுருவேன்னுதான நெனச்சிய?”

 அம்மா வளையலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கோபம் நிஜமாகவே வந்தது. இன்னும் போகவில்லை. ஆனால் தெரிந்துகொண்டே கேட்காமல் படுத்துக் கிடந்த நானும் இவர்களை நம்பவில்லை என்பதால், அதற்கு மேல் குரலை உயர்த்த முடியவில்லை.

முதல் வளையலை அப்பாதான் இடது கையால் போட்டார். ஆண்கள் போடுகிற வழக்கமில்லை என்று அத்தை வாயைத் திறந்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்து “ஓல்டான்” என்றார். அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

இனி அப்பாவும் அம்மாவும் இங்கேதான், பிள்ளை பிறக்கிற வரைக்கும்.

காலையில் அப்பாவின் நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். எங்கே போட்டாலும் வெளிச்சம் இருக்கிறதே என்று இவர் தயங்கினார். “எனக்குப் பாக்கணும்” என்றேன். வெந்நீர்த் துணி போட்டார். நுரை போட்டார். பிளேடை ஒடித்துச் செருகினார். இடது பக்கம் ஒழுங்காகப் போனது. தோல் இழுபட்டால் அப்பா புருவத்தைச் சுருக்குவார். இவர் உடனே கத்தியை எடுத்துவிடுவார்.

வலது பக்கம் வந்ததும் இவர் கை மெதுவாகிவிட்டது. ஏன் என்று கேட்டேன். இரண்டு முறை கத்தியைத் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இந்தப் பக்கம் மாமாவுக்கு உணர்ச்சி இல்ல. வெட்டினாலும் தெரியாது. ஒரு நாளு ரத்தம் சட்டையில சொட்டினப்பறம்தான் நானே பாத்தேன். அவுக அதுவரைக்கும் என்னைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே இருந்தாக. அதான் இங்க வந்தா எனக்கு நடுக்கம்.”

அப்பா எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். கேட்டிருக்கும்.

“நீங்க செய்யுங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். ஒருக்களித்துத் திரும்பிப் படுத்து, தலையணையை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். கத்தியின் நுனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடை வாசலில் இருபது பைகள் வரிசையில் நிற்கும்போது கூட நான் இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. கிருதாவிலிருந்து கன்னம். கன்னத்திலிருந்து தாடை. தாடை எலும்பு வளைகிற இடத்தில் தோல் மடிந்தது. கத்தி அந்த மடிப்பை நோக்கிப் போனது. அப்பாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“ஓல்டான்!”

கத்தியது நான்தான். அவர் சட்டென்று கத்தியை எடுத்துவிட்டார். கீறல் இல்லை. மயிரிழை.

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோணிய வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது. தோலை இடது கையால் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டினார்.

“ரைட்” என்றார்.